காக்கஸ்: மச்சு அறையிலிருந்து ஊர்க்கூடம் வரை

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு பிறந்ததும் 'காக்கஸ்' என்னும் சொல் நம் நாளிதழ்களிலும் தலைகாட்டத் தொடங்கிவிடும். அயோவா காக்கஸில் முந்தியவர் யார், நெவாடா காக்கஸில் பிந்தியவர் யார் என்று ஆதரவாளர்கள் இரவெல்லாம் கண்விழித்து எண்களைப் பார்த்திருப்பார்கள். நாமும் 'உட்கட்சித் தேர்தல்' என்று அதற்கொரு பொருள் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். அந்தப் பொருள் தவறன்று. ஆனால் சொல்லின் உயிர் அதில் முழுமையாக இறங்கவில்லை. வாக்கும் சீட்டும் எண்ணிக்கையும் இந்தச் சொல்லின் தொல்பொருளில் முதன்மையானவை அல்ல. ஊர் முடிவு செய்வதற்கு முன்பே சிலர் கூடிப் பேசி முடிவு செய்வதுதான் அதன் கரு. சொற்சுவை அறிந்த அன்பர்களே, அந்தக் கரு வளர்ந்த வழியே சற்று நடந்து பார்ப்போம்.

சொல் பிறந்த ஊர் பாஸ்டன். 1760இல் அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்றில் 'கார்க்கஸ்' என்று ரகர ஒற்றோடு அது தோன்றுகிறது. மூன்றாண்டு கழித்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் 'காக்கஸ் கழகம்' ஒன்றைப் பற்றி எழுதுகிறார். தாமஸ் டாஸ் என்பவருடைய வீட்டின் மச்சு அறையில் அக்கழகம் கூடுகிறது. அவ்வீட்டில் அகற்றக்கூடிய தடுப்பு ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டால் எல்லாரும் ஒரே அறையில் அமரலாம். இந்த மூலையில் இருப்பவருக்கு அந்த மூலை தெரியாத அளவுக்குப் புகையிலைப் புகை சூழ்ந்திருக்கிறது. பியரும் ரம்மும் கலந்த பானம் கைமாறுகிறது. நகரை நடத்துவோர், வரி விதிப்போர், வரி தண்டுவோர், தீக்காவலர் என ஊர்ப் பதவி ஒவ்வொன்றுக்கும் உரிய ஆள், ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறார். சொல்லின் முதல் உருவப்படம் இதுதான்.

பெயரின் வேர் எது? 'காக்க' என்னும் நம் வினை இதில் ஒலிப்பதாகத் தோன்றலாம். ஆனால் ஒலி ஒப்புமை மட்டுமே உறவாகிவிடாது. இந்த எச்சரிக்கை ஆங்கிலச் சொல்லாராய்ச்சியாளருக்கும் தேவைப்பட்டது. 1816இல் ஜான் பிக்கரிங், கப்பல் பலகைகளின் இடுக்குகளில் நாரும் கீலும் செலுத்தி நீர் புகாமல் அடைக்கும் தொழிலாளரிடமிருந்து இப்பெயர் வந்திருக்கலாம் என்றார். நம் கடற்கரையில் கலப்பத்து என வழங்கும் தொழில் அது. அத்தொழிலாளருக்கு ஆங்கிலத்தில் 'காக்கர்' என்று பெயர், பன்மையில் 'காக்கர்ஸ்'. உயிரை அடுத்து வரும் ரகரத்தை விழுங்கிப் பேசுவது பாஸ்டன் நாவின் இயல்பு ஆகையால், 'காக்கர்ஸ்' அங்கே 'காக்கஸ்' என்றே காதில் விழும். கப்பல் தொழில் செழித்த பாஸ்டன் வடமுனையைச் சேர்ந்தோரும் இத்தகைய கூட்டங்களில் இருந்தனர் என்று 1788இல் வில்லியம் கார்டன் எழுதிய வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. கேட்க இனிய விளக்கம். ஆனால் தொழிலாளர் பெயர் கூட்டத்தின் பெயராக மருவிய படிகளுக்குச் சான்று கிடைக்கவில்லை.

1872இல் ஜேம்ஸ் ஹேமண்ட் டிரம்புல் வேறொரு வாயிலைத் திறந்தார். அமெரிக்கத் தொல்குடியினரின் அல்கோங்குவிய மொழிகளில் அறிவுரை கூறுபவரை, ஊக்குபவரைக் குறிக்கும் 'காக்காவாசு' போன்ற சொல் உண்டு; வர்ஜீனியாவில் குடியேறிய ஜான் ஸ்மித் அதை முன்பே குறித்துவைத்திருக்கிறார். அரசியல் கழகங்கள் தொல்குடிப் பெயர் பூணுவதும் அந்நாட்டு வழக்கமே. நியூயார்க்கின் டாமனி கழகம் லெனாபே குடித்தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. இவ்விரண்டும் போக, பருகு கலத்தைக் குறிக்கும் இடைக்கால இலத்தீன் 'கவ்கஸ்' என்பதைக் காட்டுவோரும் உளர். அகரமுதலிகள் எதையும் முடிந்த முடிபாக ஏற்கவில்லை. ஆயினும் கைத்தொழிலாளர் கூட்டம், அறிவுரையாளர் அவை, கலம் பகிரும் தோழமை ஆகிய மூன்றும் டாஸ் வீட்டு மச்சில் ஒருங்கே இருந்தவை என்பதைக் காணுங்கள். வேர் தெளியாவிட்டாலும் பொருள் தெளிந்தே இருந்தது.

பின்னர்ச் சொல் மேலேறியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியின் உறுப்பினர்கள் தமக்குள் கூடிக் குடியரசுத் தலைவர் வேட்பாளரைக் குறிக்கும் வழக்கம் காக்கஸ் எனப்பட்டது. அதன் ஆதிக்கத்தை வெறுத்தவர்கள் 'காக்கஸ் மன்னன்' என்று அழைத்தார்கள். 1824இல் அக்கூட்டத்துக்கு வந்தவர் 66 பேர் மட்டுமே. அவர்கள் முன்னிறுத்திய வில்லியம் கிராஃபோர்டு தோற்றார், மன்னனும் வீழ்ந்தான். 1831இலும் 1832இலும் பால்டிமோரில் கட்சி மாநாடுகள் கூடின. பல மாநிலங்களிலிருந்தும் அனுப்பப்பட்டவர்கள் வேட்பாளரைத் தேர்ந்தார்கள். சொல்லோ இறக்கவில்லை, கடல் கடந்து 1870களில் இங்கிலாந்து சென்று, பர்மிங்காம் லிபரல் கட்சியின் அமைப்பைப் பழிக்கும் பெயராயிற்று. தாய்நாட்டிலோ வட்டார அளவில் நிலைத்து, நேர்மாறான ஒரு பொருளை ஏற்றது.

அம்மாற்றம் முழுமையாக விளங்கும் இடம் அயோவா. 1968ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாட்டின் கொந்தளிப்புக்குப் பின் டெமாக்ரடிக் கட்சி தன் விதிகளைத் திருத்தியது. அதன் விளைவாக 1972 ஜனவரி 24 அன்று அயோவா எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் கூடியது. ஏறத்தாழ 1,700 வட்டாரங்களில், பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் நூலகத்திலும் அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர்கிறார்கள். அக்கட்சியின் பழைய முறையில் மறைவான வாக்குச்சீட்டு இருந்ததில்லை. கூடத்தின் ஒரு மூலையில் ஒருவருக்காக, மறுமூலையில் இன்னொருவருக்காக வெளிப்படையாக நிற்கவேண்டியிருந்தது. பெரும்பாலான வட்டாரங்களில் 15 விழுக்காடு சேராத அணி கலையவேண்டியிருந்தது. கலைந்தவர்களைத் தம் பக்கம் அழைக்க மற்ற அணியினர் முன்வந்தனர். சிலர் மூடிய அறையில் பேசியதற்கு இட்ட பெயர், கட்சியில் பதிந்த எவரும் வந்து பேசலாம் என்னும் கூடத்துக்கு உரியதாயிற்று. பேசி முடிவு செய்தல் என்ற கரு மட்டும் மாறவில்லை.

இரவு முழுவதும் எண்களைப் பார்த்திருந்தோர் பலர் தவறவிட்டதும் இந்தக் கருவையே. 2012இல் ரிபப்ளிகன் கட்சியின் அயோவா வாக்கெடுப்பில் மிட் ராம்னி 8 வாக்குகளால் வென்றார் என்று அறிவிக்கப்பட்டது. இரு வாரங்கள் சென்றபின் ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முந்தியது தெரிந்தது. ஆனால் ஆகஸ்டில் டாம்பாவில் கூடிய கட்சியின் தேசிய மாநாட்டில் அம்மாநிலத்தின் 28 வாக்குகளில் 22 பெற்றவர், அன்றிரவு மூன்றாம் இடத்தில் இருந்த ரான் பால்! வாக்களித்ததும் மற்றவர்கள் வீடு திரும்ப, அவருடைய ஆதரவாளர்கள் கூடத்திலேயே தங்கி மாவட்டக் கூட்டத்துக்குச் செல்வோராகத் தேர்வு பெற்றார்கள்; அங்கிருந்து மாநில மாநாடு வரை படிப்படியாக ஏறினார்கள். அடுத்த தேர்தலுக்குள் கட்சி தன் விதியை இறுக்கியது. 2020இல் டெமாக்ரடிக் கட்சி முதல்முறையாகத் தலைகளின் எண்ணிக்கையையும் அதன்படி மாநில மாநாட்டில் கிடைக்கும் பிரதிநிதி அளவையும் தனித்தனியே வெளியிட்டபோது, முன்னதில் பெர்னி சான்டர்ஸும் பின்னதில் பீட் புட்டஜஜும் முந்தி நின்றார்கள்.

வட்டாரக் கூடத்திலிருந்து மாநாடு வரை அப்படி ஏறிச் செல்பவரை நாம் பேராளர் என்கிறோம். பேராளன் என்றால் பழைய வழக்கில் பெருமை உடையவன். திருமங்கையாழ்வார் திருமாலையே அவ்வாறு பாடுகிறார். இன்று கட்சி மாநாட்டிலும் சங்க மாநாட்டிலும், மலேசியத் தமிழர் வழக்கிலும், அனுப்பப்பட்டு வந்தவர் என்ற பொருளில் அது இயல்பாக வழங்குகிறது. 'பேர்' என்னும் அந்த ஒரு சொல்லில் பெருமையும் உண்டு, பெயரும் உண்டு, 'பத்துப் பேர்' என்று எண்ணும் ஆளும் உண்டு. ஊரார் பெயரால் பேசவும், தம் பின்னால் நிற்கும் பேர்களுக்குக் கணக்குச் சொல்லவும் கடன்பட்டவர் அவர். பெருமை அதனால் வருவது. காக்கஸ் முடிவைப் படிக்கும்போது யார் முந்தினார் என்பதோடு நிறுத்தாமல், அங்கிருந்து பேராளராகப் புறப்பட்டவர் எத்தனை பேர், எவருக்கு உரியவர் என்றும் கேட்க வேண்டும். காக்கஸ் என்னும் பெயர் பிறந்த நாள்முதல் சுமந்துவரும் பொருளுக்கு அந்தக் கேள்வியே பொருந்தும்.