சூரத்தில் பறந்த செருப்பு

சரித்திரத்தில் செருப்புக்கும் ஓர் இடம் உண்டு. பரதன் தலைமேல் தாங்கி வந்த பாதுகை பதினான்கு வருஷம் ஒரு ராஜ்யத்தை ஆண்டது. 1907-ஆம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி சூரத் காங்கிரஸ் பந்தலில் பறந்த செருப்போ ஒரு மகாசபையை இரண்டாகப் பிளந்தது.

அது கனத்த மராட்டியச் செருப்பு. மேடையில் இருந்த சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்தில் பட்டு, அங்கிருந்து தாவிச் சர் பிரோஸ்ஷா மேத்தாவையும் தொட்டுவிட்டு விழுந்தது. அப்புறம் கேட்பானேன்? நாற்காலிகள் பறந்தன, தடிகள் சுழன்றன. கடைசியில் போலீஸார் வந்து பந்தலைக் காலி செய்தார்கள்.

சண்டை எதற்காக? முந்தின வருஷம் கல்கத்தாவில், கிழவர் தாதாபாய் நௌரோஜியின் தலைமையில், சுயராஜ்யம், சுதேசியம், பகிஷ்காரம், தேசியக் கல்வி என்று நான்கு தீர்மானங்கள் நிறைவேறியிருந்தன. மிதவாதிகள் அவற்றை நீர்த்துப் போகச் செய்யப் பார்க்கிறார்கள் என்பது திலகர் கட்சியாரின் சந்தேகம். திலகர் கட்சியார் மகாசபையையே குலைத்துவிடுவார்கள் என்பது மிதவாதிகளின் பயம். சந்தேகமும் பயமும் ஒரே பந்தலில் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

செருப்படி பட்ட சுரேந்திரநாத் யார் என்பதை வாசகர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ.ஸி.எஸ். பரீட்சையில் தேறி, அற்பக் காரணத்துக்காக 1874-இல் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டவர் அவர். சாளக்கிராமத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் செய்த ஒரு வெள்ளைக்கார நீதிபதியைத் தம் பத்திரிகையில் கண்டித்ததற்காக, 1883-இல் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். அன்று கல்கத்தா மாணவர்கள் அவருக்காகத் தெருவில் திரண்டார்கள். 1905-இல் கர்ஸன் பிரபு வங்காளத்தைத் துண்டாக்கியபோது, எதிர்த்து நின்ற கிளர்ச்சிக்கு அவரே தலைவர். மறு வருஷம் பாரிஸாலில் கைதாகி அபராதமும் கட்டினார். இவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் 1907-இல் அவருக்குக் கிடைத்த பட்டம் ஏறக்குறைய அதுதான்.

மிதவாதிகள் பேரில் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பேசிய இங்கிலீஷ், பார்லிமெண்டுக்குக் கேட்கும் அளவுக்கு நம் கிராமத்துக்குக் கேட்கவில்லை. மகஜர் எழுதினார்கள், பதில் வராவிட்டால் இன்னொரு மகஜர் எழுதினார்கள். ஆயினும் அவர்களைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு ஸர்க்காருக்கே உண்டு. பொறுமையாகக் கேட்கிறவனுக்கு ஒன்றும் கொடுக்காமல், அவனுடைய பொறுமையையே பரிகாசமாக்கியது அதிகார வர்க்கந்தானே! சீர்திருத்தம் வருகிறது, சற்றுப் பொறுங்கள் என்று 1918-இல் காங்கிரஸை விட்டு விலகித் தனிக் கட்சி கண்டார்கள் மிதவாதிகள். அடுத்த வருஷமே ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக் படுகொலையும் வந்தன. பொறுக்கச் சொன்னவர்கள் இனி எந்த முகத்தோடு ஜனங்கள் முன் நிற்பது?

சுரேந்திரநாத் நின்றார். 1921-இல் வங்காளத்தில் மந்திரியானார். சர் பட்டமும் வந்தது. துரோகி என்ற பெயரும் கூடவே வந்தது. அவர் வாதாடவில்லை, வேலை செய்தார். 1923-இல் கல்கத்தா நகராண்மைக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்து, அதை ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் சபையாக ஆக்கினார். பெண்களுக்கும் வோட்டு அளித்தார்.

அதே வருஷக் கடைசியில் தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றவர் அரசியலுக்குப் புதியவரான டாக்டர் பிதான் சந்திர ராய். சுயராஜ்யக் கட்சி டாக்டருக்குத் துணை நின்றது. எழுபத்தைந்து வயதுக் கிழவர் தோற்றுப் போனார். 1924-இல் அவருடைய சட்டப்படி நடந்த நகராண்மைத் தேர்தலில் வென்று மேயரானவர் சுயராஜ்யக் கட்சியின் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். நிர்வாக அதிகாரியானவர் இளைஞர் சுபாஷ் சந்திர போஸ். வீட்டைக் கட்டியவர் வெளியே நின்றார். அவரைத் தோற்கடித்தவர்கள் உள்ளே குடியேறினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சூரத்தில் தீவிரவாதி என்று பெயர் வாங்கிய திலகர், ஆறு வருஷச் சிறைத் தண்டனையை மாண்டலேயில் அனுபவித்துத் திரும்பினார். 1919-இல் அமிருதசரஸ் காங்கிரஸில் அவரே, கிடைத்த சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, ஸர்க்கார் நடப்பதற்குத் தக்கபடி நாமும் ஒத்துழைக்கலாம் என்றார். இளைஞர்களில் பலருக்கு அது ருசிக்கவில்லை. நடுவிடம் என்பது ஒருவர் பேரில் பட்டாப் போட்ட நிலம் அல்ல. நேற்று அதை ஏசியவர், இன்று தாமே அதில் நின்று ஏச்சுக் கேட்க நேர்கிறது.

சூரத் பந்தலுக்குத் திலகர் பக்கம் நிற்க நம் பாரதியும் வ.உ.சி.யும் போயிருந்தார்கள். அதே 1907-இல் பாரதியின் தேசப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் யார் தெரியுமா? சென்னை மிதவாதிகளின் தலைவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாட்டு நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள, பாடியவர் தம் கட்சியாய் இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1915-இல் கோகலே காலமானபோது, வாழ்நாளெல்லாம் அவரோடு வாதாடிய திலகர் மயானத்துக்கு வந்து, அவரை இந்தியாவின் வைரம் என்று புகழ்ந்தார்.

மிதவாதிகள் தோற்றதற்காக நான் வருந்தவில்லை. தேர்தல் என்றால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். ஆனால் கிருஷ்ணசாமி ஐயரின் பணப்பையிலும் திலகரின் மயானப் பேச்சிலும் இருந்த ஒன்று, ஒவ்வொரு செருப்பு பறக்கும்போதும் கொஞ்சம் குறைகிறது. எதிர்க்கட்சிக்காரனும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்ற நினைப்பு அது. அது தீர்ந்துபோன நாட்டில் ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி இராது. செருப்புக்குக் கட்சி தெரியாது அல்லவா? அன்று அது மேடையில் ஒருவரோடு நிற்காமல் இன்னொருவர் மேலும் தாவிற்றே!