தலைகீழாக நின்ற மகாராணி

அச்சுப் பிழை உள்ள புத்தகம் மலிவாகப் போகும். அச்சுப் பிழை உள்ள தபால்தலையோ லட்சக்கணக்கில் விலை போகும். இந்தியத் தபால்தலைகளில் இதற்குப் பேர்போனது 1854-ல் வந்த நாலணாத் தலை.

அப்போது கம்பெனி ஆட்சி. நாடு முழுவதற்குமான தபால்தலைகளை லண்டனில் அடித்து வரவழைக்காமல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார்கள். தேசப்படம் அச்சிடும் சர்வே அலுவலகத்தில் கேப்டன் துய்லியர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கல்லச்சு முறை. முதலில் அரையணாவைச் சிவப்பில் அடித்தார்கள். சீமையிலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோனது. உள்ளூர் மை கல்லுக்கு ஒத்துவரவில்லை. அதனால் அரையணா நீலத்துக்கு மாறியது.

நாலணாவுக்கு இரண்டு நிறம். சுற்றுச் சட்டம் சிவப்பு, நடுவில் விக்டோரியா மகாராணியின் தலை நீலம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 1845-ல் பல வண்ணத் தலை வெளியிட்டிருந்தது. அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து நம்முடையது. ஒரே தாளை இரண்டு தடவை அச்சில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போது யாரோ ஒரு தொழிலாளி தாளைத் திருப்பி வைத்துவிட்டார். சட்டம் நேராகவும் மகாராணி தலைகீழாகவும் வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. தபாலாபீசில் விற்றார்கள், ஜனங்களும் கடிதத்தில் ஒட்டி அனுப்பினார்கள். இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்தவை சுமார் முப்பதுக்குள்தான்.

எல்லாப் பழுதும் இந்த வகை அல்ல. மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். தாளைத் திருப்பி வைத்ததுபோல ஆள் செய்த தவறு ஒன்று. தூசி படிந்தோ மை வழிந்தோ ஒரு தாளில் மட்டும் விழுந்த கறை இரண்டாவது. இதற்குப் பெரிய மதிப்பில்லை. மூன்றாவது, கல்லிலோ தகட்டிலோ இருக்கும் கீறல், உடைந்த எழுத்து. இது ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஜெர்மன்காரர்கள் இதற்குப் ‘பிளாட்டன்ஃபேலர்’ என்று பெயர் சொல்லி, தங்கள் மிஹெல் அட்டவணையில் தனியாகக் குறித்து வைக்கிறார்கள். ஒரே பழுது இரண்டு தலைகளில் அதே இடத்தில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

அந்த நாலணாத் தலையில் எட்டு மூலைச் சட்டம் இருந்ததால் பலர் ஓரத்தை அழகாக வெட்டி ஒட்டினார்கள். தப்பிப் பிழைத்த தலைகீழ் மகாராணிகளிலும் அப்படி வெட்டுப்பட்டவையே அதிகம். ஓரம் வெட்டாமல் சதுரமாக இருப்பவற்றுக்கும், உறையோடு இருப்பவற்றுக்கும்தான் உச்ச மதிப்பு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பொட்டிப்புரம், தேவாரம், போடிப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது டிரங்குப் பெட்டியில் சிலோன் கடிதமும் பர்மா கடிதமும் ஏலத்தோட்டத்துக் கணக்குக் கடிதமும் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகள் தலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு உறையை அடுப்பில் போடுகிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். தபால் முத்திரையும் ஊர்ப்பெயரும் தேதியும் உறையில்தான் இருக்கின்றன. எல்லாம் லட்சம் பெறாது, பெரும்பாலானவை பத்து ரூபாய்கூடப் பெறாது. ஆனால் நம் ஊர்க்காரர் எந்த வருஷம் எங்கே பிழைக்கப் போனார் என்பதற்கு, பல குடும்பங்களில் வேறு எழுத்துச் சாட்சி கிடையாது.