‘அண்டர்டேக்’: பொறுப்பேற்கும் ஒரு வினைச்சொல்லின் வரலாறு

பகடிவதையில் ஈடுபட மாட்டோம் என்று கல்லூரி மாணவர்கள் ‘அண்டர்டேக்கிங்’ எழுதிக் கொடுக்கிறார்கள். பொதுத் துறை நிறுவனம் ‘பப்ளிக் செக்டர் அண்டர்டேக்கிங்’ எனப்படுகிறது. இறந்தவரை அடக்கம் செய்யும் தொழில் செய்பவர் இங்கிலாந்தில் ‘அண்டர்டேக்கர்’. வாக்குறுதி, நிறுவனம், ஈமக்கடன் மூன்றும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஒரு வேலையைச் செய்வதைவிட, அதற்குத் தன்னைப் பிணைத்துக்கொள்வதே இவ்வினையின் உயிர்நாடி என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

வேர்

பழைய ஆங்கிலத்தில் ‘அண்டர்நிமன்’ என்றொரு வினை இருந்தது. ‘நிமன்’ என்றால் எடுத்தல். வைக்கிங் குடியேற்றத்தோடு வந்த நார்ஸ் மொழியின் ‘டாகா’ நாளடைவில் ‘டேக்’ ஆகி, ‘நிமன்’ இருந்த இடத்தைப் பிடித்தது. முன்னொட்டு மட்டும் மாறவில்லை. ஜெர்மன் மொழியின் ‘உன்டர்நேமென்’ பழைய வடிவத்தை இன்றும் காக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனை வருணிக்கும்போது, ‘உறுதியாகச் சொல்வேன்’ என்னும் பொருளில் இவ்வினையை ஆள்கிறார். தன் சொல்லுக்குத் தானே பிணை நிற்கும் தொனி அதில் கேட்கிறது.

நீதிமன்றம்

1348இல் யார்க் நகரில் ஒரு வழக்கு நடந்தது. ஹம்பர் ஆற்றைக் கடக்க ஒருவரது பெண்குதிரையைப் படகில் ஏற்றிக்கொண்ட படகோட்டி, அளவுக்கு மீறி வேறு குதிரைகளையும் ஏற்றினான், பெண்குதிரை மாண்டது. இதை உடன்படிக்கை வழக்காகத்தான் தொடுக்க வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அத்தகைய வழக்குக்கு அரச நீதிமன்றங்கள் முத்திரையிட்ட பத்திரம் கேட்கும். குதிரைக்காரரிடம் அது ஏது? ஆனாலும் நீதிமன்றம் வழக்கை ஏற்றது. இவ்வகை வழக்குகள் பின்னர் ‘அசம்ப்சிட்’ என்று பெயர் பெற்றன. ‘அவன் ஏற்றுக்கொண்டான்’, அதாவது ‘அண்டர்டேக்’ செய்தான், என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். 1602இல் தீர்ப்பான ஸ்லேடு வழக்குக்குப் பின், வாய்மொழி ஒப்பந்தத்தால் எழுந்த கடனையும் இவ்வழியில் வசூலிக்க முடிந்தது.

நிலமும் முதலும்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடிகளிடமிருந்து பறித்த நிலம் 1,000, 1,500, 2,000 ஏக்கர்களாகப் பங்கிடப்பட்டது. 1,000 ஏக்கருக்கு இங்கிலாந்து அல்லது ஸ்காட்லாந்து ஆடவர் 24 பேரைக் குடியேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அதைப் பெற்றவர்களுக்கு ‘அண்டர்டேக்கர்’ என்று பெயர். 1776இல் ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஆடம் ஸ்மித், முதலைப் போட்டுத் தொழில் நடத்துபவரையும் இதே சொல்லால் குறித்தார்.

இதற்கிடையே, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஈமக்கடனை ஒப்பந்தமாக ஏற்றவர்களுக்கும் இப்பெயர் வழங்கத் தொடங்கியிருந்தது. காலப்போக்கில் மற்ற பொருள்களை அது விழுங்கிவிட்டது. 1821இல் ஷான் பத்தீஸ்த் சேயின் பொருளியல் நூலைப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்த பிரின்செப், ‘அண்டர்டேக்கர்’ குறுகிய பொருளுக்குப் போய்விட்டதால் ‘அட்வென்ச்சரர்’ என்று எழுத நேர்ந்ததாகக் குறிப்பிட்டார். தொழில்முனைவோரைக் குறிக்கும் பொருள் ஆங்கிலேயர் காதுக்குப் பழக்கமாக இல்லையே என்று 1848இல் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் வருந்தினார். முடிவில் ‘ஆந்த்ரப்ரனர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லையே ஆங்கிலம் கடன் வாங்கியது.

இன்றைய வழக்கு

இன்று இவ்வினைக்கு இரு வாக்கிய அமைப்புகள் உண்டு. ஆய்வு, பயணம் போன்ற பெயர்ச்சொல்லைச் செயப்படுபொருளாகக் கொண்டால் ‘மேற்கொள்ளுதல்’. ‘டு’ சேர்ந்த வினை தொடர்ந்தால் ‘செய்வதாக உறுதியளித்தல்’. பின்னதில்தான் பழைய பிணைப்பு முழு வலுவோடு வாழ்கிறது. இந்தியாவின் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதிமன்றத்துக்கு அளித்த ‘அண்டர்டேக்கிங்’கை வேண்டுமென்றே மீறுவதை உரிமையியல் அவமதிப்பு என வரையறுக்கிறது; அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்கலாம். தொழில்முனைவோரைக் குறிக்கும் பெயரை இவ்வினை இழந்தது. ஏற்றவரைப் பொறுப்பாக்கும் வலிமையை இழக்கவில்லை. ஆகவே வெறும் படிவம் என்று எண்ணி ‘அண்டர்டேக்கிங்’கில் கையொப்பமிடுவது தகாது, படித்து, பொறுப்பை உணர்ந்தே ஒப்பமிட வேண்டும்.