சிறுநீர்ப்பைக் கட்டிக்கு இரண்டாவது முறை ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு என்ன கவனிக்கணும்?

சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியை எடுத்தாச்சு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கும் வந்தாச்சு. ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "ஒரு மாசத்துக்குள்ள இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்த்துடலாம்" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: முதல் தடவை சரியாகப் பண்ணலையா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் 50, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். அதனால் இதைப் படிக்கிற உங்களில் பலர் அப்பாவுக்காகவோ மாமாவுக்காகவோதான் படிப்பீர்கள். வேலை பெங்களூரிலோ புனேவிலோ இருக்கும், ஆபரேஷன் ஊரில் நடந்திருக்கும். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வாரங்களில் எது சகஜம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அலுத்துப்போன மனசை எப்படிப் பார்த்துக்கணும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஏன் இன்னொரு முறை?

இந்த ஆபரேஷனுக்கு டி.யு.ஆர்.பி.டி. என்று பெயர். வயிற்றில் கத்தி வைப்பதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே கேமரா உள்ள கருவியை உள்ளே விட்டு, கட்டியைச் சீவி எடுப்பார்கள். எடுத்த துண்டுகள் பயாப்ஸிக்குப் போகும். அதாவது இது சிகிச்சை மட்டுமல்ல, பரிசோதனையும்கூட.

முதலில் கண்டுபிடிக்கப்படும்போது, நான்கில் மூன்று பேருக்குக் கட்டி சிறுநீர்ப்பையின் தசை அடுக்குக்குள் இறங்கியிருக்காது. அது இறங்கலை என்று உறுதியாகச் சொல்ல, பயாப்ஸி துண்டில் தசையும் இருக்கணும். தசையே இல்லையென்றால் நோயியல் நிபுணரால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் 'டி1' என்று இருந்தாலோ, முதல் தடவை முழுசாக எடுக்க முடியாத அளவுக்குக் கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தாலோ, 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி செய்யச் சொல்வார்கள். டி1 கட்டியில் இப்படி மறுபடி பார்க்கும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியின் மிச்சம் இருப்பது தெரிகிறது. சிலருக்கு நோய் முதலில் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருப்பதும் அப்போதுதான் தெரியும். இது உலகம் முழுக்கப் பின்பற்றும் நடைமுறை. டாக்டர் தப்புப் பண்ணினார் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. கட்டியை முழுசாக எடுத்து, மாதங்களோ வருடங்களோ கழித்துப் புதிதாக முளைப்பது. இந்த நோய்க்கு அந்தக் குணம் உண்டு. அப்போதும் இதே ஆபரேஷன்தான். வீட்டில் நடக்க வேண்டிய கவனிப்பும் ஒன்றுதான்.

போவதற்கு முன்பே சொல்ல வேண்டியவை

இரண்டாவது முறைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. முதல் தடவை எது கஷ்டமாக இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். யூரின் ட்யூப் தாங்க முடியலையா, ட்யூபை எடுத்த பிறகு சிறுநீர் வராமல் தவித்தாரா, வாந்தி வந்ததா, நாலு நாள் மலம் போகலையா? எல்லாவற்றையும் டாக்டரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லிடுங்க. பலவற்றுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க முடியும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் இரண்டு தேதிகளைக் கேட்டு எழுதி வாங்கணும்: எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி ஆரம்பிப்பது. இதை வீட்டில் முடிவு செய்யக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

முதல் இரண்டு, மூன்று நாள்

ஆபரேஷன் முடிந்ததும் யூரின் ட்யூப் இருக்கும். ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சிலருக்கு அதன் வழியாக சலைன் விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ட்யூபை எடுத்துவிடுவார்கள். ஆழமாகச் சீவியிருந்தால் இன்னும் சில நாள் ஆகலாம், ட்யூபோடு வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அப்படி வந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கணும். தரையில் படக் கூடாது, ட்யூப் மடங்கக் கூடாது. தளர்வான வேட்டியோ லுங்கியோ வசதி.

ட்யூப் உள்ளே இருக்கும்போதே "யூரின் முட்டுது" என்று அவர் சொல்வார். பை நிறைந்துகொண்டிருந்தால், அது சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதால் வரும் உணர்வு. ஆண்களுக்கு உறுப்பின் நுனியில் வலி தெரியும். இதைத் தணிக்க மாத்திரை இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. ஆனால் பைக்குச் சிறுநீர் வருவதே நின்றுபோய் வயிறும் உப்பினால், ட்யூப் அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடணும்.

அடுத்த இரண்டு வாரம்

ட்யூபை எடுத்த பிறகு சில நாள் சிறுநீர் போகும்போது எரியும். அரை மணிக்கு ஒரு தடவை ஓட வேண்டியிருக்கும், சில நேரம் பாத்ரூம் போவதற்குள் சொட்டிவிடும். வெளிர் ரோஸ் நிறத்தில் ரத்தம் கலந்து வரும். இரண்டாவது முறை பெரும்பாலும் கொஞ்சமாகவே சீவுவதால் சிலருக்கு இது முதல் முறையைவிட லேசாக இருக்கும். பழைய புண் முழுசாக ஆறுவதற்குள் புதுப்புண் பட்டதால் சிலருக்கு எரிச்சலும் அவசரமும் கூடுதல் நாள் நீடிக்கும். இரண்டுமே சகஜம்தான்.

பலரைப் பயமுறுத்துவது 10-வது நாளில் இருந்து 14-வது நாளுக்குள் வரும் ரத்தம். சிறுநீர் தெளிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், திடீரென்று மறுபடி சிவக்கும். முழங்காலில் ஆறும் புண்ணின் பொருக்கு உதிர்வது மாதிரி, உள்ளே இருக்கும் பொருக்கு உதிர்வதால் வருவது இது. தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். இப்படி வரக்கூடும் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க.

செய்ய வேண்டியவை:

தண்ணீர்: ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர், பகல் முழுக்கப் பிரித்துக் குடிக்கணும். எரியுதே என்று குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும். இதய, சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கணும்.

மலச்சிக்கல்: முக்கினால் ரத்தம் வரும். பப்பாளி, கொய்யா, கீரை உதவும். போதலை என்றால் மலமிளக்கி கேட்டு வாங்குங்க.

பாரம்: 20 லிட்டர் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் இரண்டு, மூன்று வாரத்துக்குத் தூக்க வேண்டாம். டூ வீலர், நீண்ட பஸ் பயணம், தாம்பத்ய உறவு ஆகியவற்றையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்க. வீட்டுக்குள் நடப்பது நல்லது. படுத்தே இருக்க வேண்டியதில்லை.

காபி, டீ, காரம்: தடை இல்லை. ஆனால் அவசரமும் எரிச்சலும் அடங்கும்வரை குறைத்தால் நிம்மதியாக இருக்கும்.

மாத்திரை: எரிச்சலுக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதை ரத்தம் என்று நினைத்துப் பதற வேண்டாம். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். சிலது ரத்தக் கசிவைக் கூட்டும்.

எப்போது ஓடணும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்:

- போகணும் என்று முட்டியும் சிறுநீர் வரலை, அடிவயிறு உப்புகிறது
- தக்காளி ஜூஸ் மாதிரி கெட்டியாக ரத்தம் வருகிறது, அல்லது உறைந்த ரத்தம் துண்டு துண்டாக வருகிறது
- தண்ணீர் குடித்தும் சிவப்பு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம்
- வயிற்று வலி கூடிக்கொண்டே போகிறது, மயக்கம் வருகிறது

நீங்கள் வெளியூரில் இருந்தால் இந்தப் பட்டியலை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பினால் போதாது. அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்க. கூடவே யூராலஜிஸ்ட் இருக்கும் ஆஸ்பத்திரி எண், ராத்திரியில் கார் எடுத்து வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் எண், 108.

சில வாரம், மாதம் கழித்துச் சிறுநீர் மெல்லிய தாரையாகிவிட்டது என்று அவர் சொன்னால், வயசு என்று விட்டுவிட வேண்டாம். கருவி திரும்பத் திரும்ப உள்ளே போவதால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதை சுருங்கும். அதைச் சரிசெய்ய முடியும்.

ரிப்போர்ட் வந்ததும்

மூன்று விஷயங்களைப் பாருங்க: எந்த நிலை, எந்தத் தரம், தசை இருந்ததா. தசைக்குள் இறங்கியிருந்தால் சிகிச்சையின் பாதையே மாறும். சிறுநீர்ப்பையை எடுப்பதா, கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் காப்பாற்ற முடியுமா என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் இன்னொரு டாக்டரின் கருத்தும் கேட்பது நியாயமானது.

தசைக்குள் இறங்கலை, ஆனால் திரும்ப வரும் அபாயம் அதிகம் என்றால் பெரும்பாலும் பி.சி.ஜி. சிகிச்சை. குழந்தைக்குக் காசநோய்க்குப் போடும் தடுப்பூசியில் உள்ள அதே கிருமிதான். இதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பலன் கண்டதை கனடாவைச் சேர்ந்த டாக்டர் அல்வாரோ மொராலஸ் 1976-ல் வெளியிட்டார். வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம் கொடுத்து, பிறகு இடைவெளி விட்டுத் தொடர்வார்கள். இது உயிருள்ள கிருமி. புண் ஆறாதபோது விட்டால் ரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து சில வாரம் காத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோ தொற்றோ இருந்தாலோ மறைக்காமல் சொல்லணும்.

"போதும்பா, இனிமே வேண்டாம்"

இதுதான் எல்லாவற்றையும்விடக் கவலைப்பட வேண்டிய கட்டம். அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஐந்தாவது வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை கேமரா விட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு தேதியும் நெருங்கும்போது தூக்கம் போகும், எரிச்சல் வரும். ஒரு கட்டத்தில் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவார்கள். திரும்ப வரும் கட்டிக்கு ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை. சின்னதாக இருக்கும்போது கேமராவில்தான் தெரியும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. "சின்னக் கட்டிதான்பா, எடுத்தாச்சு" என்று சொல்லி, புற்றுநோய் என்பதையே அவரிடமிருந்து மறைத்துவிடுகிறோம். ஒரே ஒரு ஆபரேஷன் என்றால் அது ஓடிவிடலாம். ஐந்து வருடம் விடாமல் வரச் சொல்லும்போது அந்தப் பொய் நிற்காது. காரணம் தெரியாதவர் எதற்காக வரணும்? டாக்டர் முன்னிலையில், அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டுச் சொல்லுங்க. "இது திரும்ப வரக்கூடியது, சீக்கிரம் பார்த்தால் சமாளிக்கக்கூடியது" என்ற இரண்டும் அவருக்குத் தெரிந்தால் போதும், பாதிப் பிடிவாதம் போய்விடும்.

பாத்ரூம் போவதற்குள் சொட்டிவிடுவதை மகளிடமோ மருமகளிடமோ சொல்லப் பலருக்குக் கூச்சம். இந்தக் கூச்சத்தாலேயே கல்யாண வீடு, கோயில் எல்லாவற்றுக்கும் போவதை நிறுத்திவிடுவார்கள். உறிஞ்சும் பேட் வாங்கிக் கொடுங்க, டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்க. சோர்வும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். கூடவே இருந்து கவனிக்கும் அம்மாவுக்கும் அந்த எண் தேவைப்படலாம்.

புகைபிடிப்பவர் என்றால், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் அதுதான். பீடியோ சிகரெட்டோ, இப்போது விடுவதும் பயனுள்ளதே. திட்டினால் ஒளிந்து குடிப்பார். நிறுத்துவதற்கான மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்க.

பணமும் லீவும்

இது ஒரே பில்லோடு முடிகிற நோய் இல்லை. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பெற்றோர் இருந்தால் மூன்று கேள்விகளுக்கு மெயிலில் பதில் வாங்குங்க: இரண்டாவது ஆபரேஷன் தனி க்ளெய்மா, கேமரா பரிசோதனைக்கும் பி.சி.ஜி.க்கும் அட்மிட் ஆகாமலே பணம் கிடைக்குமா, வேலை மாறினால் என்ன ஆகும். 70 வயதைத் தாண்டியவர்கள் வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர 2024 முதல் வழி இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

லீவை ஆபரேஷன் நாளிலேயே தீர்த்துவிடாதீங்க. ட்யூப் எடுக்கும் நாள், ரிப்போர்ட் வாங்கும் நாள், மூன்று மாதம் கழித்து வரும் கேமரா பரிசோதனை என்று பிரித்து வையுங்க. டிஸ்சார்ஜ் அன்றைக்கே அடுத்த தேதியை வாங்கி, உங்கள் போன் காலண்டரிலும் வீட்டு டெய்லி காலண்டரிலும் குறித்துவிடுங்க.