டெலிடைப் போய்விட்டது, எஸ்டிடிஒய் இருக்கிறது

யூனிக்ஸில் எங்கே திரும்பினாலும் 'டிடிஒய்' என்று ஒரு பெயர் வருமே, அது டெலிடைப்ரைட்டரின் சுருக்கம். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த ஆரம்ப நாட்களில் பலர் கையில் இருந்தது டெலிடைப் மாடல் 33. வினாடிக்கு 10 எழுத்து, அதுவும் பேப்பரில்!

இந்த மாதிரி யந்திரங்களுக்கு ஆளுக்கொரு குணம். சிலதுக்குச் சின்ன எழுத்தே தெரியாது. சிலதில் அச்சுத்தலை வரியின் ஆரம்பத்துக்குத் திரும்புவதற்குள் அடுத்த எழுத்து வந்து நடுவில் விழும். இதையெல்லாம் கெர்னலுக்குச் சொல்லி வைக்க வந்ததுதான் எஸ்டிடிஒய் கட்டளை. 1972-ல், யூனிக்ஸ் இரண்டாம் பதிப்பில்.

நாம் அடிப்பது நேராக நிரலுக்குப் போவதில்லை. கெர்னல் நடுவில் உட்கார்ந்து, என்டர் வரும் வரை வரியைச் சேர்க்கிறது, திரையிலும் காட்டுகிறது. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒன்றும் தெரியாதது ஏன்? அந்தக் காட்டும் வேலையை மட்டும் நிறுத்தி வைப்பதால்தான்.

பேப்பரில் அழிக்க முடியாது இல்லையா? அதனால் # அடித்தால் முந்தைய எழுத்து ரத்து, @ அடித்தால் முழு வரியும் ரத்து. மின்னஞ்சல் முகவரி அடித்தால் கதி என்ன, யோசித்துப் பாருங்கள் :-) அந்த அழிப்பு எழுத்துகளை மாற்றுவதும் எஸ்டிடிஒய்தான்.

டெலிடைப் போனாலும் அதன் பழக்கம் போகவில்லை. காகித நாடா படிப்பானை நிறுத்தும் சைகைதான் கண்ட்ரோல்-எஸ். விண்டோஸ் பழக்கத்தில் 'சேவ்' செய்வதாக நினைத்து புதுப் பசங்க விஐ-யில் அதை அடிப்பார்கள். திரை உறைந்துவிடும். பதறி நாலு விசையைத் தட்டாதீர்கள், விண்டோவையும் மூடாதீர்கள். நிற்பது திரை மட்டும்தான். தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருந்து, பிறகு உங்கள் ஃபைலில் வேலையைக் காட்டும். கண்ட்ரோல்-க்யூ அடித்தால் போதும், உயிர் வந்துவிடும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் 'எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்'.

ஏதாவது நிரல் பாதியில் செத்து, அடிப்பது எதுவும் தெரியவில்லையா? 'எஸ்டிடிஒய் சேன்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். என்டர் வேலை செய்யாவிட்டால் கண்ட்ரோல்-ஜே. 'சேன்' என்றால் புத்தி தெளிந்த நிலை. பெயர் வைத்தவர் நம் அவஸ்தையைப் பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் லினக்ஸ் பழகுகிறார்களா? இந்த மூன்றையும் முதலில் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி பூரா செய்த வேலை ஒரு விசையில் போகாமல் இருக்கும்.