கிழக்கிலிருந்து வந்த ஆக்கள்

ஒருத்தரை எந்தப் பெயரால் கூப்பிடுறம் எண்டது சும்மா விசயம் இல்லை. மத்தியகால இங்கிலாந்தைப் பற்றி வாசிக்கேக்க எனக்கு அது நல்லா விளங்கிச்சு.

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஈஸ்டர்லிங்' எண்டு ஒரு சொல் இருக்கு. கிழக்கிலிருந்து வந்தவர் எண்டு அர்த்தம். லூபெக், ஹம்பேர்க், டான்சிக் போன்ற வட ஐரோப்பியத் துறைமுகங்களின் வணிகர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். இந்த நகரங்கள் சேர்ந்த வணிகக் கூட்டுக்கு ஹான்சா எண்டு பெயர். மெழுகு, விலங்குத் தோல், மரம் எல்லாம் கொண்டுவந்து, ஆங்கிலக் கம்பளித் துணியை ஏற்றிக்கொண்டு போவார்கள். லூபெக்காரருக்கு லூபெக் கிழக்கு இல்லை, அது வீடு. லண்டனில் நிண்டு பார்க்கிற ஆளுக்குத்தான் அது கிழக்கு.

ஆனால் பெயரோடு காசும் சேர்ந்தே வந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சாதாரணத் துணி ஒன்றை ஏற்றுமதி செய்ய ஆங்கில வணிகர் 14 பென்ஸ் வரி கட்டினார். மற்ற வெளிநாட்டவர் 33 பென்ஸ். ஹான்சாக்காரரோ வெறும் 12 பென்ஸ்! அரசர்களிடம் பேரம் பேசி வாங்கிய சலுகை அது. தேம்ஸ் கரையில் 'ஸ்டீல்யார்ட்' என்ற பெரிய வளவும் அவர்களுக்கு இருந்தது. இண்டைக்கு கனன் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் நிற்கிற இடம் அது.

கடல் தாண்டி வந்த எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்த நெசவாளர்களையும் வணிகர்களையும் 'ஃபிளெமிங்' என்றார்கள். 1381 யூன் மாத விவசாயிகள் கிளர்ச்சியில் லண்டன் கூட்டம் அவர்களைத் தேடித் தேடிக் கொன்றது. தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெளியே இழுத்து வெட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டு லண்டன் நாளாகமம் ஒன்று இன்னொரு விசயமும் சொல்லுது: 'பிரெட் அன்ட் சீஸ்' எண்டு ஆங்கிலேயர் மாதிரி சொல்லத் தெரியாமல், 'கேஸ் அன்ட் புரோட்' எண்டு சொன்னவர்களின் தலை போச்சாம். பாணும் சீஸும்! தினமும் சாப்பிடுற சாப்பாட்டின் பெயர்.

1440இல் அரசு இன்னொரு சொல்லைக் கையில் எடுத்தது: 'ஏலியன்'. அந்நியர். அந்நியர் எண்டதற்காகவே வரி. சொந்தக் குடித்தனம் வைத்திருந்தால் வருசத்துக்கு 16 பென்ஸ், இல்லாட்டி 6 பென்ஸ். வரி போட வேண்டுமெண்டால் முதலில் ஆளை எழுத வேண்டும். ஊர் ஊராக 'இவர் எங்கட ஆள் இல்லை' எண்டு பட்டியல் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரே ஆளைக் காட்டிக்கொடுத்தார்கள்.

அப்போ 'ஈஸ்டர்லிங்' எண்ட பெயர் பாதுகாப்பானதா? கன காலம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஆங்கில வணிகர்கள் வளர்ந்தார்கள், அந்தச் சலுகை அவர்களின் கண்ணில் குத்தியது. 1598இல் முதலாம் எலிசபெத் ஸ்டீல்யார்டை மூடச் சொன்னார். நூற்றாண்டுக் கணக்கில் லண்டனில் வியாபாரம் செய்த பிறகும் அவர்கள் 'கிழக்கிலிருந்து வந்த ஆக்கள்' தான். எத்தனை தலைமுறை போனால் ஒருத்தர் 'வந்த ஆள்' இல்லாமல் ஆவார்?