காற்றில் விரித்த கடை

சென்னைக்கு வந்த வானொலி மூன்றே ஆண்டில் வாயை மூடிக்கொண்டது. பணம் இல்லை என்பதுதான் காரணம். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலி மன்றத்தைத் தொடங்கி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் ஆரம்பித்தார்கள். மன்றம் உறுப்பினர்களின் ஆதரவை நம்பி நடந்தது. 1927 அக்டோபருக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மன்றத்தின் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் பொதுப் பணத்தில் ஒலிக்கத் தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே இலவசமாகக் கேட்கக் கொடுத்தார்கள்.

நாடகக் கொட்டகைக்கு ஒரு வாசல் உண்டு. அங்கே நின்று டிக்கெட் கிழிக்கலாம். காற்றில் போகும் குரலுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் இன்று தலையைச் சொறியும் இதே கணக்கை நூறு ஆண்டாகப் பலரும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். கேட்பவரிடமே வாங்கலாம், கேட்பவரை எட்ட நினைக்கும் வியாபாரியிடம் வாங்கலாம், இல்லையென்றால் அரசு கொடுக்கவேண்டும்.

கேட்பவரிடம் வாங்கும் வழியை இந்தியாவில் பெரிய அளவில் முயன்றது இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் கம்பெனி. 1927 ஜூலையில் பம்பாயிலும் அடுத்த மாதம் கல்கத்தாவிலும் நிலையம் திறந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டும். அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. இத்தனை பெரிய நாட்டில் 1929 முடிவில்கூட உரிமம் எடுத்தவர்கள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. உரிமம் எடுக்காமலே கேட்டவர்களை யார் கண்டது? 1930 மார்ச்சில் கம்பெனி கடையைக் கட்டியது. நிலையங்கள் அரசிடம் போயின. உரிமம் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. தபால் நிலையத்துக்குச் சின்னப் புத்தகத்தை எடுத்துப் போய், பணம் கட்டி முத்திரை வாங்கி வந்தவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

வியாபாரியிடம் வாங்கும் வழியை அமெரிக்கா பிடித்துக்கொண்டது. 1922 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தில் ஒரு வீட்டுமனை நிறுவனம் 50 டாலர் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்கியது. விற்க வேண்டியது ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியிலிருந்த ஹாதார்ன் கோர்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. பேச வந்தவர் எடுத்த எடுப்பில் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னின் பெருமையில் ஆரம்பித்து, நகர நெரிசலை விட்டு வெளியே வாருங்கள் என்று சுற்றி வளைத்து, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். விளம்பரம் என்று தெரியாதபடி விளம்பரம் செய்யும் கலை அன்றைக்கே முழு வளர்ச்சியோடு பிறந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

காசு கொடுப்பவருக்கு அடுத்த சந்தேகம் வரும்: யாராவது கேட்கிறார்களா? இதற்கு ஓவல்டின் கம்பெனி கண்ட வழி சாமர்த்தியமானது. அது பணம் போட்டு நடத்திய ‘லிட்டில் ஆர்ஃபன் ஆனி’ என்ற சிறுவர் தொடரில், நிகழ்ச்சியின் முடிவில் ஒரு ரகசியச் செய்தி எண்களாக வாசிக்கப்படும். அதைப் பிரித்துப் படிக்க ஒரு சங்கேதப் பதக்கம் வேண்டும். பதக்கம் வேண்டுமென்றால் ஓவல்டின் டப்பாவின் மூடிக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கிழித்து அனுப்பவேண்டும். பிள்ளைகள் பதக்கத்துக்காக ஓவல்டின் குடித்தார்கள்; வந்து சேர்ந்த தகடுகளைக் கொண்டு கம்பெனி தன் நேயர்களைக் கணக்கிட்டது. இன்று பாட்காஸ்டில் ‘இந்தக் குறியீட்டைச் சொன்னால் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்கிறார்களே, அதன் பூர்விகம் இந்தத் தகடுதான்.

நம் பக்கத்தில் இந்த வியாபாரத்தை நடத்திக் காட்டியது கொழும்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமை தன் சிப்பாய்களுக்காக இலங்கையின் ஏக்கலவில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். கருவி தயார், நேரம் விற்பனைக்குத் தயார்; கூட்டத்தை அனுப்பிவைத்தது டெல்லி.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கான நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு பாட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நேயர்கள் வானொலி முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். பின்னாலேயே இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் கடல் தாண்டியது.

அந்தப் பணம் எப்படி வேலை செய்தது என்பதைப் ‘பினாகா கீத் மாலா’வில் கிட்டே நின்று பார்க்கலாம். பினாகா என்பது சீபா கம்பெனியின் பற்பசை. 1952 டிசம்பரில் தொடங்கிய அந்த அரைமணி நேர நிகழ்ச்சியை அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்வார். நாடா விமானத்தில் கொழும்பு போய் அங்கிருந்து இந்தியாவுக்கே திரும்பி ஒலிக்கும். எழுதுவது, பேசுவது, கடிதம் பிரிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரம் 25 ரூபாய்தான் தனக்குக் கிடைத்தது என்று சயானி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் அது போட்டி நிகழ்ச்சி. ஏழு பாட்டுகள் வரிசை மாறி ஒலிக்கும். அவை வெளிவந்த கால வரிசையைச் சரியாக எழுதினால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன என்பார் சயானி. போகப் போக வாரத்துக்கு அறுபதாயிரத்தைத் தாண்டி, பிரித்துப் பார்க்கவே ஆளில்லாமல் போட்டியைக் கைவிட்டுத் தரவரிசை நிகழ்ச்சியாக மாற்றிவிட்டார்கள். கம்பெனிக்கு அந்தக் கடித மூட்டைகளைவிட வேறு அத்தாட்சி எதற்கு? நேயர் தன் பெயர் காற்றில் வருமா என்று அஞ்சலட்டை எழுதினார். கம்பெனி அதை எண்ணிப் பணம் கட்டியது. ஜும்ரி திலையா என்ற அன்றைய பீகார்ச் சிற்றூர் நாடெங்கும் தெரிந்த பெயரானது, அங்கிருந்து வந்து குவிந்த விருப்பக் கடிதங்களால்தான்.

தமிழ்ச் சேவையும் சளைத்ததல்ல. தென் மாவட்டக் கடலோரத்தில் கொழும்பு உள்ளூர் நிலையம் போலக் கேட்டது. அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்கே நேயர் கூட்டம் இருந்தது. கே.எஸ். ராஜாவின் ‘திரைவிருந்து’ உண்மையில் படங்களுக்கான விளம்பரம். ஆனால் வசனத் துண்டுகளுக்கு நடுவே தன் குரலைச் செருகி, பாத்திரத்தோடு தானே பேசுவதுபோல் அவர் தொடுத்த விதத்தில், விளம்பரத்துக்காகவே வானொலியை வைத்தவர்கள் உண்டு. பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பிற்பாடு சன் தொலைக்காட்சிக்கு வந்தபோது, நகைக்கடைப் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொண்டு ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ ஆயிற்று. உபயதாரர் பெயரைத் தலைப்பிலேயே ஏற்றும் பழக்கம் நேயர்களுக்கு உறுத்தவில்லை, பழகிப்போயிருந்தது.

டெல்லி விழித்துக்கொண்டது தாமதமாகத்தான். 1957இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி சேவை வந்தது. 1967 நவம்பர் 1 முதல் அதில் விளம்பரமும் வந்தது, முதலில் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில். பிறகு சென்னைக்கும் பரவியது. ‘ஹார்லிக்ஸ் சுசித்ராவின் குடும்பம்’ தமிழ் வீடுகளில் ஒலித்தது அந்த வழியில்தான். இந்தியாவிலேயே வாங்க நேரம் கிடைக்கும்போது கொழும்புக்கு ஏன் பணம் அனுப்பவேண்டும்? இலங்கை வானொலியின் அந்த வரவு தேய ஆரம்பித்தது.

2000களின் நடுவில் பாட்காஸ்ட் வந்தபோது நிலையமும் வேண்டாம், உரிமமும் வேண்டாம் என்றானது. வருமான வழிகள் மட்டும் பழையவை. 2014இல் அமெரிக்காவின் ‘சீரியல்’ ஒரு கொலை வழக்கை வாராவாரம் சொல்லிப் பெரும் கூட்டம் சேர்த்தது. அதற்கு உபயம் மெயில்சிம்ப் என்ற மின்னஞ்சல் கம்பெனி. அந்த விளம்பரத்தில் ஒரு சிறுமி பெயரைத் தடுமாறி ‘மெயில்கிம்ப்’ என்று படித்தாள். அந்தத் தடுமாற்றமே நேயர்களிடையே நகைச்சுவையாகிக் கம்பெனிக்குக் காசில்லாத விளம்பரமானது. அதே நிகழ்ச்சி, அடுத்த பருவத்துக்கு நேயர்களிடமும் கையேந்தியது. தேவையான அளவு சேர்ந்தது. 2013இல் தொடங்கிய பேட்ரியான் தளம் அந்தக் கையேந்தலை மாதச் சந்தாவாக்கியது. சென்னை மாகாண வானொலி மன்றத்தார் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. இந்தியாவில் குக்கூ எஃப்எம் போன்ற செயலிகளும் தமிழ்க் கதைகளைச் சந்தாவுக்குத்தான் தருகின்றன.

விளம்பரத்தை நம்புபவர்களுக்கு, கேட்கிறார்களா என்ற பழைய சந்தேகம் இன்னும் தீரவில்லை. கடிதத்தின் இடத்தைப் பதிவிறக்க எண்ணிக்கை பிடித்தது. ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்பது பேரம். ஐபோன்கள் யாரும் கேட்காத பழைய நிகழ்ச்சிகளையும் தானாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தன. 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்து அந்தப் பழக்கத்தைக் கட்டுப்படுத்தியதும் பல பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கும் போய்விடவில்லை. இறக்கியும் கேட்காதவைக்கு அதுவரை விளம்பரதாரர் கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.